ஈரப்பதம் பத்தொன்பது

ஐந்துக்கு இரண்டரை.
சென்னையிலிருந்து வரும் மாத இதழின்
நாற்பத்தோராம் பக்கத்தில்
எங்கள் புது ஆல்பத்துக்குக் கிடைத்தது.
அந்த அரை யாருக்கு என்று கேட்டாள் ரோஸ்லின்.
யாரும் சிரிக்கவில்லை.

'கடைமடை குழுவின் முதல் ஆல்பம்
வரப்பை உடைத்துக்கொண்டு வந்தது.
இரண்டாவதில் தண்ணீர் தேங்கி நிற்கிறது.'

தேங்கிய தண்ணீரில்தான்
நாற்று வேர்பிடிக்கும் என்று தொடங்கி
சுஹைல் நான்கு பக்கம் பதில் எழுதினான்.
அனுப்பவில்லை.
கூத்தாநல்லூர் பஸ்ஸில் வடை மடித்த காகிதத்தோடு
அதுவும் ஜன்னல் வழியே போயிற்று.

பாராட்டவும் செய்திருந்தார்.
நான்காவது பாட்டின் நடுவில் வரும்
ஏழு நொடி மௌனம் 'துணிச்சலானது'.
அது மௌனம் இல்லை.
கைதவறிய குச்சியைத்
தேடிக்கொண்டிருந்தான் சுஹைல்.

பேஸ் கிட்டாரைப் பற்றி ஒரு சொல் இல்லை.
வாசிப்பது நான்.

திருத்துறைப்பூண்டியில்
மூடிக்கிடந்த அரிசி ஆலையில் வெளியீடு.
நூற்றுப் பதினேழு பேர்.
பழைய பாட்டுக்கெல்லாம் குதித்தார்கள்,
தவிட்டுப் புழுதி எழும்பி
விளக்கை மறைக்கிற அளவுக்கு.
புதுப் பாட்டு தொடங்கினால்
டீ குடிக்கப் போனார்கள்.
இந்த ஆல்பம் நல்லா ஓடுது தம்பி என்றார்
டீக்கடைக்காரர் மட்டும்.

பாலிடெக்னிக் பையன்கள் இரண்டு கட்சியானார்கள்.
ரோஸ்லின் கத்துவதில்லை, விலைபோய்விட்டாள்
என்றது ஒன்று.
கத்தாமல் பாடத்தான் மூச்சு அதிகம் வேண்டும்
என்றது இன்னொன்று.
மன்னார்குடி பேருந்து நிலையத்தில்
எங்கள் பெயர் அச்சிட்ட டீ ஷர்ட் கிழிந்தது:
'கடை' ஒருத்தன் கையில்,
'மடை' இன்னொருத்தன் மார்பில்.

தை மாதம் முழுக்க எனக்குக்
கொள்முதல் நிலையத்தில் வேலை.
பருவகாலப் பட்டியல் எழுத்தர்.
ஒரு பிடி நெல்லை மானியில் போட்டு
எண்ணைப் படிக்க வேண்டும்.
பதினேழுக்கு மேல் போனால் மூட்டை திரும்பும்.
எண்ணைப் படிக்கும்போது
ஆள் முகத்தைப் பார்க்கக் கூடாதென்பது
யாரும் சொல்லித் தராதது.

அன்று பார்த்துவிட்டேன்.
இளங்கதிர், கோட்டூர்ப் பக்கம்.
எங்கள் மடைப்பலகைச் சின்னத்தை
முன்கையில் பச்சை குத்தியிருப்பவன்.
அறுபத்திரண்டு மூட்டை.

பத்தொன்பது என்றேன்.

"தெரியும்ணே. ராவெல்லாம் பனி."
பிரித்த மூட்டையைக் கட்டிக்கொண்டே சொன்னான்:
"உங்க புது ஆல்பமும் அப்படித்தாண்ணே.
காயவே இல்ல."

பில் புத்தகத்தில் அன்று
மூன்று இடத்தில் அடித்துத் திருத்தினேன்.

அவன் நெல் மூன்று நாள் ரோட்டில் கிடந்தது.
பாதித் தாரை அது பிடித்துக்கொள்ள
மீதியில் பஸ்கள் ஒதுங்கி ஓடின.
இரண்டாம் இரவு வீடு திரும்பும்போது
தார்ப்பாய்க்குள்ளிருந்து கேட்டது
ஆறாவது பாட்டு.
இதழ் 'தவிர்த்திருக்கலாம்' என்றது,
இரண்டு கட்சியும் சேர்ந்து வெறுத்த ஒரே பாட்டு.
முடிந்தது.
மறுபடி முதலிலிருந்து.
நான் பைக்கை நிறுத்தவில்லை.
வேகத்தை மட்டும் குறைத்தேன்.

நான்காம் நாள் பதினாறு புள்ளி எட்டு.
எடை போட்டு, சாக்கு தைத்து, ரசீது நீட்டினேன்.
நல்லாயிருக்கு என்று அவன் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

"ஆறாவதுல நீங்க எங்கண்ணே வாசிக்கிறீங்க?
காதுல விழவே இல்லியே."

ஆரம்பத்திலேருந்து கடைசி வரைக்கும் என்றேன்.

நின்றான்.
பின்னால் ஒருவர் இருமினார்.
"போன்ல கேட்டா கேக்காது போல" என்றபடி
ரசீதை நான்காய் மடித்துக்கொண்டு போனான்.

அடுத்த பிடி. பதினெட்டு.
மானியை ஒரு தட்டுத் தட்டி
இன்னொரு தடவை போட்டேன்.