பதினோராவது நிமிஷம்

பட்டறையில் வெல்டிங் ஓய்ந்த பிறகுதான்
என் லாரி கிளம்பும்.
பகலெல்லாம் ஆதாரும் சிட்டா அடங்கலும் கக்கிய
ஜெராக்ஸ் மெஷினை அணைத்துவிட்டு
ஷட்டரைப் பாதி இறக்கி உட்காருவேன்.

கோயமுத்தூரிலிருந்து பார்சல் சர்வீஸில்
எட்டு அட்டைப்பெட்டியாய் வந்து இறங்கியதை
நானே ஸ்க்ரூ முடுக்கி எழுப்பினேன்.
சீட்டெடுத்த பணம்.
கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் ஒரு வளையல் விலை.
மாமியாரைப் பொறுத்தவரை அது
பில் போடுகிற கம்ப்யூட்டர்.

திரையில் பனி பெய்யும் ஏதோ ஒரு தேசம்.
பதினாலு சக்கரம், பின்னால் முழு லோடு.
கியர் மாற்றி மேடேறும்போது
பதினோராவது நிமிஷம்
நீலம்.
ஒரு அழுமூஞ்சிக் குறி, நாலு வரி இங்கிலீஷ்.
பிறகு ஒன்றுமே நடக்காதது போல
மறுபடி முதலிலிருந்து.

செங்கோட்டுவேல் அப்போது
நாக்பூர் தாண்டி, நிஜ லாரியில்.
"ஹீட்டாகுதா பாரு அம்மிணி."
பார்த்தேன். அறுபத்திரண்டு டிகிரி.
சித்திரையில் சங்ககிரி மலைப்பாறை
அதைவிடச் சுடும்.
"அப்ப டீசல்ல தண்ணி கலந்திருக்கும்."
கரண்டைச் சொல்கிறார்.
பட்டறைக்காரர்கள் ராடு வைக்கும்போதெல்லாம்
என் ட்யூப்லைட் கண்ணடிக்கும்;
எனக்கும் அந்தச் சந்தேகம்தான்.
ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு.
பாடி கட்டாத சேஸுக்கு அடியில்
நாய் மட்டும் படுத்துக் கிடந்தது.
பதினோராவது நிமிஷம். நீலம்.

"புது வண்டி அப்படித்தான்,
ஓட ஓடச் சரியாயிரும்."
இதற்கு நான் பதில் சொல்லவில்லை.
கல்யாணமான புதிதில் என்னைப் பற்றி
அவர் அம்மாவிடம் இதையேதான் சொன்னார்.

டிரைவரை அழித்து வேறு டிரைவர் போட்டேன்.
(இதைச் சொன்னதும் போனில் ஒரு நிமிஷம் பேச்சில்லை.)
பவர் சப்ளையைக் கழற்றிக்
கடைக் கம்ப்யூட்டருக்கு மாட்டினேன்,
அங்கே சமர்த்தாக ஓடியது.
ஒவ்வொரு வயராகப் பிடுங்கிச் சொருகினேன்.
விரல் நுனி இரண்டு இடத்தில் கிழிந்ததுதான் மிச்சம்.

கடைசியாக மெமரி.
ஒன்றை மட்டும் போட்டுச் சோதனைக்கு விட்டேன்,
விடியும்வரை ஒரு தப்பில்லை.
மறுநாள் மற்றது. அதிலும் இல்லை.
இரண்டையும் சேர்த்துப் போட்டால்
பதினோரு நிமிஷம் தாங்காது.
ஒரே கம்பெனி, ஒரே பெட்டியில் வந்தவை.

அப்புறம்தான், எல்லோரையும் போல,
கடைசியில் புஸ்தகத்தை எடுத்தேன்.
எறும்பு எழுத்து. பதினேழாம் பக்கத்தில் ஒரு படம்:
நாலு குழி, ஒன்று விட்டு ஒன்றில் கறுப்பு மை.
நான் பக்கத்துப் பக்கத்தில் செருகியிருந்தேன்,
ஜோடி என்றால் ஒட்டித்தானே இருக்கும் என்று,
யாரும் சொல்லாமலே.

ஒன்றைப் பிடுங்கி
நடுவே ஒரு குழியைக் காலியாக விட்டேன்.
சொடக்கென்று உட்கார்ந்தது.

பதினோராவது நிமிஷம்
மூச்சு விடவில்லை நான்.
பன்னிரண்டு. இருபது.
பனி நின்று வெயில் வந்தது அந்த ஊரில்.
ஸ்பீக்கரில் அவர், "யாரு அந்த ஹாரன்?"
"என்னுதுங்க."
"லோடு என்ன?"
"தயிர். பதினெட்டு டன்."
"தயிரா!" கொஞ்ச நேரம் சிரித்தார்.
"வளைவுல ஒடிச்சுத் திருப்பாத,
கெட்டி தயிரு கூட ஆடும்."

நாலு மணிக்கு மறுபடி போன்.
"என்ன, சத்தமே இல்ல. நின்னுருச்சா?"
"இல்லீங்க. நானாத்தான் ஓரங்கட்டுனேன்.
கண்ணு சொக்குது."

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
அந்தப் பக்கம், தார் ரோட்டை விட்டு
மண்ணில் டயர் இறங்கும் சத்தம்,
அதற்கு மேல்
இண்டிகேட்டர், டிக் டிக்கென்று.