ஆண்பூ

விடியுமுன்னே ஆண்பூவை முறித்து
பெண்பூவின் வாயில் தேய்க்கிறா யோகராணி.
வண்டை நம்பி ரெண்டு போகம் போச்சு.
கப்பல்துறை, பின்வளவு.
மதிலுக்கு அந்தப்பக்கம் பேட்டரி உருக்கின கொட்டில்,
பூட்டி நாலு வருசம்.
மழை மட்டும் இன்னும் வேலைக்கு வந்துபோகுது.

கோணேசபுரி ஆய்வுகூடத்தில்
அந்த மகரந்தத்தைச் சீனித்தண்ணியில் விட்டேன்.
முள்ளு முள்ளாய் மஞ்சள் உருண்டைகள்.
ஒன்று குழாய் விட்டது.
தன் அகலமளவு போய்
நுனி வீங்கி நின்றுவிட்டது.
இருநூறு எண்ணினேன். முளைத்தது இருபத்திமூன்று.
ஈயம் என்று எழுத
மண் அறிக்கை இன்னும் வரவில்லை.

பூசணியின் பெண்பூவுக்கு இதொன்றும் தெரியாது.
கருவுறுமுன்னே காயின் உருவத்தை
இடுப்பில் வைத்துக்கொண்டு திறக்கிறது;
மூன்றாம் நாள் பழுத்த இலைபோல் வெளிறி
கழன்று விழுகிறது.

"என்ர கையில பிழையோ, தம்பி?"
இல்லையென்றேன்.
அதை மட்டும்தான் உறுதியாய்ச் சொல்ல முடிந்தது.

வெளிக்கிடும்போது மிஞ்சின ஆண்பூக்களை
வறைக்கு ஆகுமென்று பையில் போட்டுத் தந்தா.
வேண்டாமென்பதற்கு ஒரு சொல் தேடினேன்.
பஸ் சீனக்குடாச் சந்தி தாண்டியும்
தேடிக்கொண்டிருந்தேன்.
மடியில் பை.
பாரமே இல்லை.