பதினோராவது நிமிஷம்

வில்லிவாக்கம், மூன்றாவது மாடி.
கிரேன் வைத்துத் தூக்கினார்களாம்,
தெருவே நின்று பார்த்ததாம்.
முட்டுக்காட்டில் மூடிப்போன ஒரு விடுதியின்
வெந்நீர்த் தொட்டி.
ஆறு பேர் உட்காரலாம்.
ஜெசிந்தா மேடம் ஒருத்திக்கு.

"மெட்ராஸ்ல எதுக்கு வெந்நீர்னு கேக்காதீங்க,
எல்லாரும் கேட்டாச்சு" என்றார்.
இருபத்திரண்டு வருஷம்
ரயில்பெட்டித் தொழிற்சாலை அணிக்காக
எம்பி எம்பி அடித்த வாலிபால்
இப்போது இரண்டு முழங்காலுக்குள்ளும் இருக்கிறது.

கோளாறு இதுதான்:
போட்டால் ஓடும். மோட்டார் முனகும், குமிழி வரும்.
சரியாகப் பதினோராவது நிமிஷம்
வீடே இருட்டு.

எனக்கு முன்னால் மூன்று பேர் வந்துபோயிருந்தார்கள்.
ஒருவர் சுவிட்சை மாற்றினார்.
ஒருவர் வோல்டேஜைத் திட்டினார்.
மூன்றாமவர், "இந்த டிரிப்பரைக் கழட்டிட்டா
பிரச்சினையே இருக்காது" என்றாராம்.
நாயைக் கொன்றுவிட்டால்
குரைப்பு நின்றுவிடும், வாஸ்தவம்தான்.

பக்கப் பலகையைத் திறந்தேன்.
ரிலேக்குப் பின்னால் பல்லி முட்டை இரண்டு.
யாரோ பேனாவில் எழுதிய போன் நம்பர், ஒன்பது இலக்கம்.
ஹீட்டரை மட்டும் பிரித்துவிட்டுப் போட்டேன்.
பத்து. பதினொன்று. பன்னிரண்டு.
விளக்கு எரிந்தது.
இருபதில் டீ வந்தது.
அப்போ நீதான்.

உருவி எடுத்தால் கம்பியே தெரியவில்லை.
ஏழு வருஷத்துக் கடற்கரை போர் தண்ணீர்
உப்பாக அப்பிக் கிடந்தது.
ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டினேன்.
உதிர்ந்த இடத்தில் மயிரிழை விரிசல்.
குளிர்ந்தால் உதட்டை மூடிக்கொள்ளும்,
சூடேறினால் வாய் திறக்கும்.
அதற்குத்தான் பதினோரு நிமிஷம்.

விற்றவருக்குப் போன் போட்டார் மேடம், ஸ்பீக்கரில்.
"எங்க இடத்துல ஒரு நாளும் டிரிப் ஆனதில்லைங்க,
புள்ளை மேல சத்தியம்."

சத்தியம்தான்.
மோட்டாருக்கு அடியில் ஒரு பச்சை ஒயர்,
வெட்டி, மடித்து, சிவப்பு டேப் சுற்றி.
பக்கத்திலேயே மேடத்தின் தம்பி
போன மாதம் முறுக்கிய புதுப் பச்சை.
அங்கே எர்த்தே இல்லை.

ஏழு வருஷம். எத்தனை சனிக்கிழமை.
தேனிலவுக்கு வந்தவர்கள்,
பியர் பாட்டிலோடு ஒரு கம்பெனியே முழுசாக,
கழுத்தளவு தண்ணீரில்.
"லேசா சுர்ருங்குதுல்ல" என்று சிரித்திருப்பார்கள்.
குமிழி என்று நினைத்திருப்பார்கள்.

சொல்வதா வேண்டாமா என்று
அரை டம்ளர் டீ வரைக்கும் யோசித்து
சொன்னேன்.
ரொம்ப நேரம் தொட்டியையே பார்த்தார்.
"அப்போ ஒழுங்கா விழுந்தது இங்கதான்."
"ஆமா மேடம்."
போர்டு வரைக்கும் நொண்டி நடந்து போய்
அந்தச் சின்ன டிரிப்பரை விரலால் தொட்டார்,
தோற்ற மேட்சில் நன்றாக ஆடின பெண்ணின்
தோளைத் தொடுவதுபோல.

புது ஹீட்டர் ரிச்சி தெருவில் இல்லை.
பிராட்வேயில் கீசர் பாகம் விற்கும் இர்ஃபான் பாய்
நூல் வைத்து அளந்து, நாலு நாள் கேட்டு,
ஆறு நாளில் கொடுத்தார்.
மாட்டினால் டிரிப் இல்லை, சூடும் இல்லை.
ஓட்டம் போதவில்லை என்று திரை மினுங்கியது.
வடிகட்டிக்குள் களிம்பு, தலைமுடி,
ஒரு கொலுசுத் திருகு.
அதை மேடம் கழுவி
ஜன்னல் விளிம்பில் வைத்தார். யாருக்கோ.

மார்கழி, சாயங்காலம்.
முப்பத்தெட்டு டிகிரி.
"நீங்க முதல்ல கை வைங்க" என்றார்.
வைத்தேன், முழங்கை வரைக்கும்.
இருவரும் கடிகாரத்தைப் பார்த்தோம், பேசவில்லை.
பத்து.
கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே இருந்தார்கள்.
பதினொன்று.
பன்னிரண்டு.
மேடம் செருப்பைக் கழற்றினார்.