தண்டப்பணம்

முறிகண்டியில் தேங்காய் உடைத்து
கச்சான் சரையோடு திரும்பி வந்து
திறப்பைக் கேட்டான் நிமலரூபன்.
"கொஞ்சத் தூரம் நான் ஓடுறன் மச்சான்."
ஏழு வருசத்துக்கு ஒருக்கால் வருகிறவன்.
இரவு விமானம்.
கொடுத்தேன்.

கொக்காவில் கோபுரம் தெரிகிற நேர்றோட்டில்
பாலை மர நிழலை விட்டு
ஒரு கை வெளியே வந்தது.
எண்பத்திரண்டு என்றார் பொலிஸ்காரர்,
தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தூக்கி வைத்து.
எழுபதுதான் போகலாம்.
மூவாயிரம். தபால் கந்தோரில் கட்ட வேணும்.
ரசீது காட்டினால் லைசென்ஸ் தருவம்.
அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.

"வச்சிருக்கட்டும்" என்று சிரித்தான்.
"அங்க எண்டா பிடிக்க மாட்டாங்கள். பின்னால வரும்."
பிறகு மிலானோக் கதை.
பெரியம்மாவின் பேத்திக்குக் கலியாணம்,
லோசானிலிருந்து மலையைக் குடைந்த பாதையால் போய்
மழைக்குள் திரும்பி வந்ததாம்.
பதினாலு மாசம் கழித்து ஒரு கடிதம்:
இத்தாலியனில் மேலே, பிரெஞ்சில் கீழே,
நடுவில் தன்ரை காரின் முதுகு.
மாடி இலக்கம்கூடப் பிழையில்லை.
கட்டாமல் விட்டானாம்.
அடுத்த கடிதத்தில் காசு இரட்டித்ததாம்.
"எல்லை ஆக்களுக்குத்தான் மச்சான்,
கடதாசிக்கு ஒரு சென்றியும் இல்லை."

கச்சான் கோதை யன்னலால் ஊதினேன்.

என்னட்டையும் ஒன்று இருக்கு, அவனுக்குச் சொல்லவில்லை.
இரண்டாயிரத்து ஆறு, யூலை முடிகிற நேரம்.
வவுனியாவில் சீமெந்து ஏற்றி
ஓமந்தையில் இறக்கி, எண்ணி, திரும்ப ஏற்றி,
செஞ்சிலுவைக் கொடி நின்ற வெறும் நிலம் கடந்து
அந்தப் பக்கத்தில் இன்னொருக்கால் எண்ணி, வரி கட்டி,
அரை நாளை விட்டு வந்த கோபத்தில் மிதித்தேன்.
மாங்குளத்துக்கு இப்பால் மறித்தாள்,
நீலச் சட்டை, கறுத்த பெல்ட்,
கையில் அவர்களிடமும் இருந்த அதே துவக்கு மாதிரிச் சாமான்.
ஐம்பதில் போக வேண்டிய இடத்தில்
அறுபத்தெட்டு.

"தங்கச்சி, நான் அந்தப் பக்கத்து லைசென்ஸ்."
"றோட்டு இந்தப் பக்கத்து றோட்டு அண்ணை."

நானூற்றைம்பது ரூபா.
பதினாலு நாள் தவணை.
உருண்டை எழுத்து, கார்பன் நீலம்,
வாகன இலக்கத்தில் ஒரு சுழியம் அடித்துத் திருத்தி
திருத்தத்துக்கும் ஒரு கையெழுத்து வைத்தாள்.
அடுத்த நடைக்குக் கட்டுவம் என்று
லைசென்ஸ் உறைக்குள் மடித்தேன்.
பன்னிரண்டாம் நாள் பாதை பூட்டிற்று.

திரும்பத் திறந்து அந்த வழியால் வந்தபோது
அவள் நின்ற இடத்தில் வெட்டிய காட்டின் அடிக்கட்டைகள்.
கட்டச் சொன்ன கட்டடத்துக்குச் சீமெந்து நிலம் மட்டும்.
பிறகு அதுவும் இல்லை, தொலைபேசிக் கடை.
கையெழுத்தில் "க" ஒன்றுதான் வாசிக்கலாம்.
கமலாவோ, கயலோ.
யாரிடம் கேட்பது, என்னவென்று கேட்பது,
எனக்குத் தண்டம் எழுதினவள் எங்கே என்றா?

மாங்குளம் வர முதல் இடம் மாறி
நான் ஓட்டினேன்.
கால் தானாக எழும்பிற்று. ஐம்பது.
பின்னால் வந்த பஸ் கோன் அடித்து அடித்து
ஏசிக்கொண்டு முந்திற்று.
"என்ன, பொலிஸே?"
"இல்லை."
அவன் முன்னாலும் பின்னாலும் பார்த்தான்.

திங்கள் மத்தியானம், கட்டுநாயக்கா போய்த் திரும்பி
நித்திரைக் கண்ணோடு மாங்குளம் தபால் கந்தோர்.
அவனுடைய சீட்டும் அதே உறைக்குள்தான்.
காசையும் கடதாசியையும் தள்ளிவிட்டு நின்றேன்.
பிள்ளை ஒன்றுக்கு முத்திரை குத்தினாள்.
மற்றதை விரித்து, வெளிச்சத்தில் பிடித்து,
முன்பக்கம் பார்த்து, பின்பக்கம் பார்த்து,
கண்ணாடிக்குக் கீழால் திருப்பி விட்டாள்.
"அண்ணை, இதுக்குக் கணக்கு இலக்கம் இல்லை."

எனக்குப் பின்னால் கரண்ட் பில்லோடு நின்றவர்
முழங்கையால் மெல்ல இடித்தார்.