பிற: பத்து மதிப்பெண்

ரூபேயிலிருந்து மூன்று பேர் கிளம்பினோம்.
கையில் ஒரு எக்செல் தாள், அதில் மூன்று ஊர்கள்.
கூலிக்கு நாற்பது, மொழிக்கு இருபத்தைந்து,
மின்சாரத்துக்குப் பதினைந்து,
நேர வித்தியாசத்துக்குப் பத்து.
மிச்சமிருந்த பத்தை எங்கே போடுவதென்று தெரியாமல்
'பிற' என்று தட்டிவிட்டார் எர்வே.

கசாபிளாங்கா சுத்தமாக இருந்தது.
அவ்வளவுதான் நினைவிருக்கிறது.
தூனிசில் எனக்கு வயிறு கெட்டது;
அந்த ஊரின் மதிப்பெண்ணில்
என் வயிறும் கொஞ்சம் கலந்திருக்கலாம்.
இப்போது ஒப்புக்கொள்வதில் யாருக்கும் நஷ்டமில்லை.

அந்தனானரிவோவில் அக்டோபர்.
ஏரியைச் சுற்றி ஜகரந்தா ஊதாவாகக் கொட்டிக் கிடக்க
வேன் அரைமணி நேரம் ஒரே மரத்தடியில் நின்றது.
போக்குவரத்துக்கு நம்மிடம் கட்டமே இல்லையே என்றேன்.
'ஊழியர்கள் நடந்து வந்துவிடுவார்கள்' என்றார் எர்வே.

நான்காவது மாடி. எண்பது நாற்காலி, எண்பது ஹெட்செட்.
சுவரில் ஒரு பலகை:
லீல், ஒன்பது டிகிரி, மழை.
லியோன், மேகமூட்டம்.
நீஸ், வெயில்.
'அவர்கள் மழை என்றால்
எங்களுக்கும் மழைதான்' என்றார்
மேலாளர் ரின்ட்ரா, பெருமையாக.
அவர் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் கண்ணாடியில்
வெயில் கொதித்துக்கொண்டிருந்தது.

பதினேழாம் நாற்காலியில் வுவாஹிரானா.
ஹெட்செட் மாட்டினால் எமிலி.
என் அம்மாவே கோட்டைவிடும் இலக்கணத்தை
அவள் ஒரு இடத்திலும் விடவில்லை.
மொழிக்கு இருபத்துநான்கு போட்டேன்.
முழுசாகக் கொடுத்தால் தலைமையகம் சந்தேகப்படும்.

மூன்று இருபதுக்கு மின்சாரம் போனது.
திரைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டன.
மின்விசிறி இரண்டு சுற்று யோசித்துவிட்டு நின்றது.
ஆனால் எண்பது வாய்களில் ஒன்றுகூட நிற்கவில்லை.
விருந்தாளிகள் இருக்கும்போது
ஹெட்செட்டைக் கழற்றக் கூடாதென்று உத்தரவாம்.
செத்த கம்பியின் காதுக்குள்
எல்லாரும் சிரித்த முகமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நான் பதினேழின் பக்கத்தில் நின்றேன்.
அதே குரல், அதே தேன்:
'ஆமாம் மேடம். பையனுக்குப் பள்ளிக்கூடப் பணம்
வெள்ளிக்கிழமைக்குள் கட்ட வேண்டும் மேடம்.
உங்கள் சிரமம் புரிகிறது.
குறித்துக்கொண்டேன்.
வேறு ஏதாவது உதவி வேண்டுமா?'

கீழே எங்கோ ஜெனரேட்டர் இருமியது.
பதினோரு நொடி.
அவள் நிமிர்ந்து பார்த்தாள்,
நான் கேட்டுவிட்டதைப் பார்த்தாள்,
அடுத்த அழைப்பை எடுத்தாள்.

'பதறவே இல்லை பாருங்கள்' என்று
மின்சாரத்துக்குப் பதினைந்தும் போட்டார் எர்வே.
நான் 'பிற'வில் பத்து போட்டேன்.
காரணம் எழுத ஒரு பெட்டி இருந்தது.
அதைக் காலியாக விட்டேன்.

மூன்று மதிப்பெண் வித்தியாசத்தில் முடிந்தது.

மார்ச்சில் ரூபேயில் எங்கள் தளத்தை மூடினார்கள்.
அறுபத்துமூன்று கடிதங்கள்; கேக் வெட்டினோம்;
யாரோ தொட்டிச் செடியை என் காரில் ஏற்றிவிட்டார்கள்.
கடிதத்தில் என் பெயரைச் சரியாக எழுதியிருந்தார்கள்
என்பது மட்டும் ஆச்சரியம்.

போன வாரம் சலவை இயந்திரம் ஒழுகத் தொடங்கியது.
நம் நிறுவனத்து இயந்திரம்தான், ஊழியர் தள்ளுபடியில் வாங்கியது.
இருபது நிமிடம் இசை கேட்டபின்
'வணக்கம், நான் எமிலி' என்றது ஒரு குரல்.
எமிலிகள் எத்தனையோ பேர் இருக்கலாம்.
ரூபேயில் மழையா என்று கேட்டாள்.
வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது.
மழைதான் என்றேன்.

வரிசை எண்ணைப் பாதி சொல்லும்போது
மறுமுனை சட்டென்று காலியானது.
துண்டிப்பின் பீப் இல்லை,
மூச்சும் இல்லை.

ஒன்று. இரண்டு.
எனக்குத் தெரியும் இது என்னவென்று.
ஆறு. ஏழு.
தண்ணீர் சமையலறை தாண்டி
என் காலுறையை நனைத்துவிட்டது.
போனை வைக்கவில்லை.

அங்கே இப்போதும் அவள்
பேசிக்கொண்டுதான் இருப்பாள்,
மேடம், மேடம் என்று
என்னிடம்.
எனக்கு வந்து சேராமல்.

ஒன்பது.