வெளங்காது

அவர் தமிழில் முதலில் பிடித்துக்கொண்ட சொல் அது.
டீ ஆறினாலும், மேற்கே மழை கறுத்தாலும்,
ராதாபுரம் பஸ் நேரத்துக்கே வந்து நின்றாலும்
"வெளங்காது" என்பார் க்லேப் அர்சேனியெவிச்.

கூடங்குளத்துக்கு மொழிபெயர்க்க வந்த ஆள்.
ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பவில்லை;
இறங்கின இடத்திலேயே பிடிப்பார்களாம்.
மூன்று நாவல்.
முதலாவதை அங்கே கூழாக அரைத்தார்கள்.
இரண்டாவது பெர்லினில்
நூற்றுப்பதினாலு பிரதி போனது.
மூன்றாவது
வடக்கன்குளத்தில் என் ஜெராக்ஸ் கடையில்,
பக்கம் ஒரு ரூபாய்.

கரண்ட் போகும், பாதி வரியில் மை அப்பும்.
கெட்ட தாளை நான் எறிவதில்லை,
பின்பக்கம் வெள்ளைதானே.
பட்டா மாறுதல், சாதிச் சான்று
எல்லா மனுவும் அதில்தான் அடித்தேன்.

ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன்:
"ஒங்க புஸ்தகம் தாலுகா ஆபீஸ்ல
எரநூறு ஃபைல்ல கெடக்கு சார்,
சீல் குத்தி, நூல் கோத்து."

கோபப்படுவார் என்றிருந்தேன்.
காற்றாடி இரைச்சலுக்கு மேலே சிரித்தார்,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"படிப்பாங்களா?"
"மனுவையே படிக்க மாட்டாவ."
"வெளங்காது" என்றார்,
அன்றைக்கு மட்டும் கொஞ்சம் சந்தோஷமாக.

மாசியில் கிளம்பிப் போனார்.
நாற்பது பக்கத்துக்குப் பாக்கி.

பணகுடி சுயம்புக்கனிக்கு விதவைப் பென்ஷன்
போன வாரம் வந்துவிட்டது.
அவள் மனுவுக்குப் பின்னால்
எந்த அத்தியாயமோ.