மூக்கனேரியில் ஒரு புதன்கிழமை

கன்னங்குறிச்சியில் கடைசி வீட்டு மீட்டரைப் படித்து முடித்தபோது
மணி மூன்றேகால்.
ஏரிக்கு வர யாருக்கும் தோன்றாத கிழமை.
வேலிப்பருத்தி படர்ந்த கம்பியோரம் வண்டியை நிறுத்திவிட்டு
தோளில் கருவிப்பையோடு கரையேறினேன்.

எங்கள் ஊரிலிருந்து கடலுக்கு
எந்தப் பக்கம் புறப்பட்டாலும் அரை நாள் ஆகும்.
அதனால் கரை என்றால் எங்களுக்கு இதுதான்.
அலை இல்லை, உப்பு இல்லை,
சுண்டல்காரன்கூட ஞாயிற்றுக்கிழமைதான் வருவான்.
தண்ணீர் தன்பாட்டுக்குக் கிடக்கிறது,
அதன்மேல் சேர்வராயன் மலை தலைகீழாய்.

"அக்கா, கொஞ்சம் அசையாம நில்லுங்க."

புளியமர நிழலில் ஒரு பெண்.
மடியில் நோட்டு, கழுத்தில் பைனாகுலர்,
செருப்பைக் கழற்றி அதன்மேலேயே உட்கார்ந்திருந்தாள்.
பெயர் ஷைனி. கல்லூரிக்காகப் பறவைக் கணக்கு.
கூட வரவேண்டியவளுக்குக் காய்ச்சலாம்.
"உங்களுக்கு எண்ண வருமா?" என்றாள்.

எனக்கா?
ஒரு நாளைக்கு நூற்றி எண்பது வீடு.
எண்களைத் தவிர வேறெதையும்
யாரும் என்னிடம் கேட்டதில்லை.
நாய் இருக்கிற வீடு, நாய் இருப்பதாகச் சொல்லும் வீடு,
"போன மாசம் எப்படி இவ்ளோ வந்துச்சு" என்று
என்னையே மின்சாரமாய் முறைக்கும் வீடு.

இடப்பக்கத் தீவு எனக்கு, வலப்பக்கம் அவளுக்கு.
நெற்றியில் நாமம் இட்ட கோழிகள் எளிது,
கோயில் வரிசைபோல் ஒழுங்காய் மிதந்தன.
கருவேலக் கிளையில் சாம்பல் நாரை ஒன்று.
அது ஒன்றேதான்,
மூன்று முறை எண்ணினாலும்.

நீர்க்காகங்கள்தான் கெடுத்தன.
முப்பத்தொன்று என்னும்போது நாலு முங்கின.
இருபத்தேழு என்று திருத்தும்முன்
ரெண்டு எழுந்தன, எங்கோ தள்ளி,
முங்கினவையா வேறா என்று தெரியாமல்.

எங்கள் வேலையில் இதற்கு ஒரு வழி உண்டு.
கதவு பூட்டியிருந்தால் 'பூட்டு' என்று பதிந்து
பழைய கணக்கின் சராசரியைப் போடுவோம்.
உள்ளே விளக்கு எரிந்ததா,
மின்விசிறிக்குக் கீழே யாராவது அழுதார்களா,
ஃபிரிட்ஜ் மட்டும் தனியாய் ஓடியதா,
சராசரிக்கு அதெல்லாம் வேண்டாம்.

ஷைனியிடம் சொன்னேன்.
சிரிக்கவில்லை. பென்சில் முனையைக் கடித்தபடி யோசித்தாள்.
"முங்கினதுக்கு சராசரி கிடையாதுக்கா.
காத்திருக்கணும்."

காத்திருந்தோம்.

பத்தொன்பது வருஷத்தில்
ஒரு கதவு திறக்கும்வரை நான் நின்றதே இல்லை.
மணியடிப்பேன், முப்பது எண்ணுவேன், அடுத்த வீடு.
இங்கே முப்பது தாண்டியும் நின்றேன்.
கால் மரத்தது. கொசு கடித்தது.
ஏதோ ஒரு மீன் துள்ளி விழுந்ததில்
மலையின் உச்சி நெளிந்து
பிறகு மெல்லத் தன் இடத்துக்கு வந்தது.
அக்கரையில் லுங்கியை மடித்துக்கட்டிய ஒருவர்
தூண்டிலைப் போட்டுவிட்டு
எங்களைப் பார்ப்பதும் தக்கையைப் பார்ப்பதுமாய் இருந்தார்.
அவருக்கு நாங்கள் ரெண்டு.

கடைசியில் என் கணக்கு நாற்பத்து மூன்று.
சரிபார்க்க அவளும் என் தீவை எண்ணினாள்: முப்பத்தெட்டு.
எது சரி என்றேன்.
ரெண்டையும் எழுதினாள், பக்கத்தில் பக்கத்தில்,
அடிக்கோடில்லாமல்.
அலுவலகத்தில் இப்படிச் செய்தால்
விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்.

ஆறு மணிக்கு மலைப்பாதையில்
முதல் வளைவு விளக்கு எரிந்தது, பிறகு மூன்றாவது.
ரெண்டாவது பழுது போலிருக்கிறது.
நாரை போய்விட்டிருந்தது. எப்போது என்று பார்க்கவில்லை.

வண்டியில் சாவியைப் போட்டேன். முறுக்கவில்லை.
கரையோரமாய் முங்கின ஒன்று இன்னும் மேலே வரவில்லை.
வேறெங்காவது ஏறியிருக்கும் என்றாள் ஷைனி
செருப்பைத் தட்டி மாட்டிக்கொண்டே.

இருக்கலாம்.
அவள் பேருந்துக்கு நடந்தாள்.
நான் இன்னும் கொஞ்ச நேரம்
அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.